மூக்குக்கு ஹெல்மெட் ஆகாது

எங்கள் பால் பண்ணையில் அவருக்குப் பெயர் மூக்கு. சம்பளப் பட்டியலில் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம், அதை யார் பார்த்தார்கள். மேனேஜரே காலையில் உள்ளே நுழையும்போது "மூக்கு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். எனக்கு அவர் அத்தான், என் அக்கா புருஷன். அவருக்குப் பால் இறக்கும் மேடையில் வேலை. எனக்கு அந்த மேடையைப் பார்த்தாற்போல் கண்ணாடி போட்ட சோதனைக் கூடத்தில் வேலை. அவர் என்னை டாக்டரம்மா என்பார். வெள்ளைக் கோட்டு போட்டவளெல்லாம் அவருக்கு டாக்டரம்மாதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீக்கிரம் குமட்டும். அடுத்தவர் சீப்பில் முடியைப் பார்த்தால் குமட்டும், ஈரத் துணியை மூலையில் சுருட்டிப் போட்டிருந்தால் குமட்டும். இந்தக் கதையை நினைத்தால் அதைவிட அதிகமாகக் குமட்டுகிறது. அதனால் தேன் தடவிச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

காலை ஆறரைக்கு வேன்கள் வரும். கேன்களை இறக்கி மேடையில் வரிசையாக வைப்பார்கள். அத்தான் பாலை முகர்ந்து பார்க்க மாட்டார். மூடியைக் கழற்றி, திருப்பி, அதன் அடிப்பக்கத்தை முகர்வார். பாலின் மூச்செல்லாம் அங்கேதான் போய் ஒட்டியிருக்கும் என்பார். ஒரு நொடிதான் ஆகும். நல்ல பாலாக இருந்தால் "போகட்டும்." கெட்டதாக இருந்தால் "சீ!"

அந்தச் "சீ" அடிவயிற்றிலிருந்து வரும். புளித்த பாலுக்கு ஒரு சீ, கழுவாத கேனுக்கு ஒரு சீ, மண்ணெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பாலுக்கு மூக்கும் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் ஒரு தனிச் சீ. திருப்பி அனுப்பும் கேனுக்கு எங்கள் பண்ணையில் பெயரே "சீ கேன்" என்று ஆகிவிட்டது. "இன்னைக்கு எனக்கு ரெண்டு சீ விழுந்துடுச்சு" என்று வேன் டிரைவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வராது. என் கூடத்தில் பாலில் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கொழுப்பு என்று கண்டுபிடிக்க எனக்குக் கருவிகள் இருக்கின்றன. நாற்றத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் கிடையாது. அதற்கு அவர்தான்.

அந்த மூக்கை அவர் பிள்ளையைப் போல வளர்த்தார். தலைக்கு எண்ணெய் கிடையாது. பச்சை வெங்காயம் கிடையாது. பாவம், என் அக்காவுக்குப் பதினெட்டு வருஷமாக வாசனைச் சோப்பு கிடையாது. "கல்யாணமாகி மூணாம் நாளே என் பவுடர் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் பண்ணிட்டார்டி" என்று அவள் சொல்லாத நாளில்லை. யாராவது சென்ட் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வந்தவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள், ஏதோ நான் துரத்திவிட்டதைப் போல.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாக்கெட் போடும் பிரிவில் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை உடைந்தது. உடனே பண்ணைக்கு ஞானோதயம் வந்தது. சைக்கிளில் வருகிற எல்லோருக்கும் ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் அவை போன கதியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒருவர் வெங்காயம் போட்டு வைத்தார். ஒருவர் கவிழ்த்து வைத்து அதில் செடி நட்டார். ஒருவர் வீட்டு நாய் அதில் குட்டி போட்டது. நான் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு போனேன். "பூசணிக்கா வருது, வழி விடுங்கப்பா" என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர் தலையிலும் ஒன்றும் கிடையாது. வெளியே மட்டுமல்ல, உள்ளேயும்தான்.

அத்தான் ஒரே ஒரு நாள் போட்டார். மேடைக்கு வந்ததும் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு டாக்டரம்மா. உள்ள வச்சிருக்கிற பஞ்சு நாறுது. பசை வாசம் ஒண்ணு, அதுக்கு மேல வேர்வை. அரை மணி நேரம் இதைக் கவுத்துக்கிட்டு வந்தா பத்து மணி வரைக்கும் மூக்குல இதான் நிக்குது. எந்த மூடியைத் தூக்கினாலும் பஞ்சு வாசம்தான். மூக்குக்கு ஹெல்மெட் ஆகாதும்மா."

மேடையில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மேனேஜரும் ஆட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆட்டினேன். பால் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு நியாயம் நியாயமாகப் படும். அன்றிலிருந்து அவருடைய ஹெல்மெட் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்தது. தலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது காப்பாற்றியது.

விபத்து என்றால் பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லாரி மோதவில்லை, பிரேக் அறுந்து போகவில்லை. ஒரு காலை, பண்ணைக்கு இரண்டு தெரு தள்ளி, நின்றிருந்த ஒரு வேனின் கதவை எவனோ பின்னால் பார்க்காமல் திறந்தான். அத்தான் நடக்கிற வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தார். கதவில் இடித்து மல்லாக்க விழுந்தார். பின்னந்தலை நடைபாதையின் விளிம்பில் பட்டது. கை கால்களில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கதவைத் திறந்தவன் அவரைத் தூக்குவதற்கு முன்னால் தன் கதவு நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தானாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். சொன்னவர்களும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஒன்பது தையல். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. தலையணை உறையில் காய்ந்த ரத்தம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை கேட்ட பிறகு மாற்றினார்கள். பார்க்க வந்தவர்கள் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து, நோயாளிக்கு வாங்கி வந்த பிஸ்கட்டைத் தாங்களே தின்று, தூளை அவர் போர்வையில் தட்டிவிட்டுப் போனார்கள். "நல்ல வேளை, மூக்குல அடிபடல" என்று ஒருவர் சிரித்தார். வார்டே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் வீட்டில் இருந்தார். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் நடந்தார். திரும்பினால் தலை சுற்றியது. வெளிச்சம் பட்டால் கண்ணுக்குப் பின்னால் குத்தியது. தட்டில் வைத்ததை ஒன்றும் சொல்லாமல் தின்றார், மேலே உப்பை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு தெருமுனை வரைக்கும் நடந்தார், பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வேலைக்குத் திரும்பிய அன்று, சைக்கிள் மேல், தலையில் ஹெல்மெட்டோடு, மோவாயில் வாரை இறுக்கிக்கொண்டு பண்ணைக்குள் வந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் அவரை மேடையில் நிற்க வைத்துப் பிரசங்கமே பண்ணிவிட்டார். "பாருங்க, மூக்கே போட்டுக்கிட்டார். இனிமே உங்களுக்கெல்லாம் என்ன நொண்டிச்சாக்கு?" நான்கைந்து பேர் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழுவினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தானுக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

இரண்டாவது வாரம் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"என்னை மோந்து பாருடி."

"என்னக்கா இது கூத்து?"

"மோந்து பாருன்னா பாரேன்."

பார்த்தேன். மூக்கைத் துளைக்கிற ரோஜாச் சோப்பு.

"ஆஸ்பத்திரியில நீ வாங்கிக் கொடுத்தியே, அதே சோப்புதான். வீட்டுக்கு வந்து மறந்தாப்ல அதையே போட்டுக் குளிச்சிட்டேன். திட்டுவார்னு பயந்துகிட்டே சோறு போட்டேன். ஒரு வார்த்தை சொல்லல. மறுநாளும் போட்டேன். ஒரு மாசத்துக்கு மேலா போடறேன். பதினெட்டு வருஷம் கழிச்சு வாசனையா குளிக்கிறேன்டி." சொல்லும்போதே சிரித்தாள். அப்புறம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "போன வாரம் மூணு நாள் பழைய குழம்பு, நூல் விட்டுப் போச்சு. கொட்டலாம்னு எடுத்து வச்சிருந்தேன். நான் வர்றதுக்குள்ள தின்னுட்டு நல்லாயிருந்துச்சுங்கறார்."

அந்தக் குழம்பை நினைத்து எனக்கு வாயில் எச்சில் ஊறியது, குமட்டுவதற்கு முன்னால் ஊறுமே அந்த எச்சில். ஹெல்மெட் விஷயம் அப்போதுதான் உறைத்தது. அவருக்குப் புத்தி வரவில்லை. பஞ்சு நாறுவது தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குத்தான் நாங்கள் கை தட்டியிருக்கிறோம்.

"வெளியில வாயைத் திறந்துடாதடி. மூக்கு இல்லேன்னா அவரை எதுக்கு வச்சிருக்கப் போறாங்க?" என்றாள் அக்கா.

மறுநாள் சைக்கிள் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன்.

"எப்போதிலேருந்து, அத்தான்?"

மறைக்கப் பார்க்கவில்லை. "கண்ணு முழிச்சதிலேருந்து. ஆஸ்பத்திரி வாசமே வரலையேன்னு பார்த்தேன். டாக்டர் ஒரு பொட்டலத்தை மூக்குகிட்ட நீட்டினார். கலரைப் பார்த்துக் காப்பித்தூள்னு சொல்லிட்டேன்."

"மேடையில எப்படிச் சமாளிக்கிறீங்க?"

மூடியின் அடியில் விரலைத் தடவி நாக்கில் வைத்துக் காட்டினார். "புளிப்பு தெரியுது. உப்பு தெரியுது. நாக்கு ஒண்ணும் ஆகல. கொஞ்ச நாள்ல மூக்கும் வந்துடும். சில பேருக்கு வருமாம். அதுவரைக்கும் பொறுத்துக்கோ டாக்டரம்மா."

நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்களை அவரே ஒரு காலத்தில் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறார். அடுத்தவன் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த மூடியை இப்போது எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பும்போது நக்கிக்கொண்டிருந்தார். புளித்த பால் மாட்டும். மண்ணெண்ணெய் மாட்டாது. கழுவாத கேன் மாட்டாது.

நான் தனியாகப் போய் அந்த டாக்டரைக் கேட்டேன். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புகள் நூலைவிட மெல்லியவையாம். பின்னந்தலையில் அடி விழும்போது மூளை முன்னால் போய் இடித்துத் திரும்பும், அப்போது அவை அறுந்துவிடும் என்றார். "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்று கேட்டார். கைப்பிடியில் மாட்டியிருந்தார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டிருந்தா பெரும்பாலும் ரெண்டு நாள் தலைவலியோட போயிருக்கும்மா. ஏன் போடல?" மூக்கு கெட்டுவிடும் என்றுதான் போடவில்லை என்று அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவருடைய "சீ"யைக் கேட்பதே எனக்குத் தண்டனையாகிவிட்டது. முகம் சுளிப்பார், ஆனால் சுளிப்பு முதலில் வரும், சத்தம் பிறகு வரும். பழைய சீ இரண்டையும் சேர்த்துக்கொண்டு வரும். இது சின்னக் குழந்தை பாடப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற சீ. சந்தேகம் வரக்கூடாதே என்று சில நாள் நல்ல கேனுக்கும் ஒரு சீ போட்டார். அந்த டிரைவர் அவர் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சிவிட்டு, நல்ல பாலைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அத்தானைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை. எனக்கு விஷயம் தெரிந்து வாரம் எட்டு ஆயிற்று.

அன்று காலை ஏழேமுக்காலுக்கு, எல்லாக் கேன் பாலும் சேர்கிற தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து வந்தார்கள். பத்தாயிரம் லிட்டர். புளிப்பு சரி, கொழுப்பு சரி. என்னவோ உறுத்தியதால் குடுவையில் கொஞ்சம் ஊற்றிச் சூடாக்கி, மூடியைத் திறந்து முகர்ந்தேன். பினாயில். லேசாகத்தான், ஆனால் பினாயில்தான். எந்த ஊர்ச் சேகரிப்பு நிலையத்திலோ எந்தப் புண்ணியவானோ தரை கழுவுகிற திரவத்தில் கேனைக் கழுவியிருக்கிறான். பாக்கெட் போடும் மெஷின் எட்டு மணிக்கு ஓட வேண்டும்.

மேனேஜர் வந்து குடுவையை முகர்ந்தார். "உங்க கூடத்தைத் துடைச்ச பினாயில்தாம்மா இது. தரை இன்னும் காயவே இல்ல பாரு." தரை ஈரமாகத்தான் இருந்தது. "மேடையில மூக்கு பாஸ் பண்ணின பால். உன் குடுவையை நம்பிப் பத்தாயிரம் லிட்டரைச் சாக்கடையில விடச் சொல்றியா? மூக்கையே கூப்பிடுவோம். அவர் சொல்றதுதான் கடைசி."

மேடை ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பாக்கெட் போடுகிற பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மேனேஜர் குடுவையை அவரிடம் கொடுத்தார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேனேஜருக்குப் பின்னால் நின்று சுளித்துக் காட்டினேன், மூக்கை, வாயை, எல்லாவற்றையும். சீ என்று சொல்லுங்கள் என்று அர்த்தம். சொன்னால் பால் கொட்டப்படும். காலையில் ஒன்று தப்பிவிட்டது என்று மன்னித்துவிடுவார்கள். நாளைக்கும் அவர் மேடையில் நிற்கலாம். அவ்வளவு நாற்றத்துக்கு நடுவிலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று.

அவர் குடுவையை மூக்கருகே கொண்டுபோனார். நன்றாக இழுத்து முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்."

"அப்போ பால் நல்லாயிருக்கு."

"அப்படிச் சொல்லல. எனக்கு எந்த வாசமும் தெரியறதில்ல. கீழ விழுந்த அன்னைக்கே மூக்கு போயிடுச்சு. திரும்பி வந்ததிலேருந்து ஒரு கேனைக்கூட நான் மோந்து பாஸ் பண்ணல. டாக்டரம்மா சொல்றதுதான் சரி. கொட்டிடுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தொட்டியின் அடித் திருகைத் திறந்தார்கள். பால் வெள்ளையாகச் சாக்கடையில் இறங்கி, அங்கிருந்த அழுக்கோடு சேர்ந்து சாம்பல் நிறமாக நுரைத்துக்கொண்டு ஓடியது.

அன்று மதியமே அவரை மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, சைக்கிள் நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறார். ஹெல்மெட் போடாதவன் சைக்கிளை உள்ளே விடுவதில்லை. முடி கலைகிறது, வேர்க்கிறது, பக்கத்துத் தெருதானே என்று ஆளுக்கொரு காரணம் சொல்லுவார்கள். "உன் காரணம் என்னோடதைவிட நல்லாயிருந்தா விடறேன், சொல்லு" என்பார். இதுவரை ஒருவரும் தேறவில்லை.

ஆனால் அன்று காலைக் கதை அதோடு முடியவில்லை. பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் திரும்பினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்? உங்க வீட்ல? இவங்களுக்கு?" என்று என்னைக் கை காட்டினார்.

"யாருக்கும் தெரியாது சார்" என்றார் அத்தான். "வீட்ல கூட நான் சொல்லல."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

பாக்கெட் போடுகிற பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். எங்கள் எல்லோருக்கும் தினமும் வேலை முடிந்து போகும்போது ஆளுக்கொரு அரை லிட்டர் பாக்கெட் கொடுப்பார்கள். "இத்தனை நாளா என் பிள்ளைக்கு இதைத்தானே காய்ச்சிக் கொடுத்தேன்" என்றாள். நான் போய் அவள் தோளைத் தொட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பாக்கெட்டையும் நீங்க எனக்குத்தானே கொடுத்தீங்க" என்றாள். நன்றி சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தாள். "ரெண்டு மாசமா. உங்க பொண்ணுக்குப் பால் ஒத்துக்கல, பவுடர்தான் கொடுக்கறேன்னு சொல்லி..."

அங்கே நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.